மண்ணைப் படிப்பதும் நமது உரிமை

நிலக்கோட்டை வட்டாரத்து மல்லிகைத் தோட்டங்களில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசை வரிசையாக இறங்குகிறார்கள். மொட்டு விரிந்துவிட்டால் விலை போய்விடும். வெயில் ஏறுவதற்குள் பறித்து, எடை போட்டு, சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். கூலி கிலோ கணக்கில். நாம் பார்த்த தோட்டங்களில் பறிக்கிற பெண்களில் பலர் காலனியைச் சேர்ந்தவர்கள். பட்டா வேறு தெருவில் இருக்கிறது.

அப்படியொரு தோட்டத்தில் பூ பறிக்கும் தாயையும், அவருடைய மகளையும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் சந்தித்தோம். மகள் அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவில் படித்தவர். நல்ல மதிப்பெண். நமது மாலை நேரப் படிப்பு வட்டத்துக்கு மூன்று ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பவர். "என்னம்மா படிக்கப் போறே?" என்று கேட்டோம். "தோட்டக்கலை சார்" என்றார்.

தாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு நான் பூ பறிக்கிறது இவளும் தோட்டத்துக்குப் போகணும்னா? நர்சு படிக்கட்டும். டீச்சருக்குப் படிக்கட்டும். தோட்ட வேலைக்கு எதுக்குண்ணே காலேஜு?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மண்ணில் குனிந்து நின்ற சமூகம், தன் பிள்ளையாவது நிமிர்ந்து நிற்கட்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? நாமும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னோம். அதனால் என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே பகுதியிலிருந்து ஒரு மாணவர் நம்மிடம் வந்தார். வேளாண்மை படிக்க ஆசை என்றார். மதிப்பெண்ணும் இருந்தது. "மண்ணை விட்டு வெளியே வாடா தம்பி. நம்மாளு இன்ஜினியர் ஆகணும்" என்று நாம்தான் தோளைத் தட்டிச் சொன்னோம். அவரும் நம் பேச்சைக் கேட்டார். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். பிடிக்காத பாடம். அரியர் மேல் அரியர். மூன்றாம் ஆண்டோடு படிப்பு நின்றது. இன்றைக்குப் பூக்கூடை ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

அவர் நம்மைத் திட்டியதில்லை. ஒருநாள் டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, எந்தத் தோட்டத்தில் செடி ஏன் பட்டுப்போகிறது, எங்கே தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க நமக்கு வெட்கமாக இருந்தது. மண்ணை விட்டு ஓடுவது மட்டுமே விடுதலை என்று நாம் நினைத்துவிட்டோம். மண்ணைப் பற்றிய முடிவுகளை எடுக்கும் நாற்காலியில் போய் உட்காருவதும் விடுதலைதான் என்பதை மறந்துபோனோம்.

அம்பேத்கர் கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார் என்பது நமக்கெல்லாம் தெரியும். அதே அம்பேத்கர் 1918-இல் இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றிப் பொருளாதாரக் கட்டுரை எழுதியவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உள்ளிட்ட நீர்வளத் திட்டங்களில் பங்காற்றியவர். 1927 மார்ச் 20 அன்று மகத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்துப் பொது நீரில் நமக்கும் உரிமை உண்டு என்று காட்டியவர். நிலமும் நீரும் அவருக்கு அந்நியமான பாடங்கள் அல்ல. நமக்கும் அப்படி இருக்கக் கூடாது.

யார் விவசாயி?

அந்தப் பெண்ணிடம், தோட்டக்கலையில் ஆசை எப்படி வந்தது என்று கேட்டோம். சிறுவயதில் அம்மாவோடு பூ பறிக்கப் போனபோது, ஊதா நிறமாக மாறிய மொட்டுகளைப் பறிக்கக் கூடாது என்று அம்மா சொல்வாராம். ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பாராம். பள்ளியில் உயிரியல் ஆசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறார். மொட்டுக்குள் ஒரு சிறு ஈ முட்டையிடுகிறது, அதிலிருந்து வரும் புழு உள்ளே இருந்து தின்கிறது, அதனால்தான் மொட்டு ஊதாவாகி உதிர்கிறது என்று ஆசிரியர் தேடிச் சொல்லியிருக்கிறார்.

"அம்மாவுக்கு எந்த மொட்டு கெட்டதுன்னு தெரியும் சார். ஏன் கெட்டதுன்னு தெரியாது. அந்த ஏனைத்தான் நான் படிக்கணும்" என்றார் அந்தப் பெண்.

மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தாத்தா அப்போதுதான் வாய் திறந்தார். அவர் அந்த ஊர்க் கண்மாயில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்த வேலையைத் தலித் மக்கள்தான் செய்து வந்தார்கள். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், வறட்சியில் எப்படிப் பங்கு பிரிப்பது, கரை எங்கே கசிகிறது, மறுகால் எப்போது பாயும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

"தம்பி, இந்தக் கண்மாயில எத்தனை மடை, எது எந்த வயக்காட்டுக்குன்னு நான்தான் சொல்லணும். பொதுப்பணித்துறை ஆபீசர் வந்தாகூட என்னையத்தான் கூப்பிட்டுவிடுவாரு. நான் சொல்லச் சொல்ல அவரு எழுதிக்கிட்டுப் போவாரு. சம்பளம் அவருக்கு. எனக்கு அறுப்புக்கு ரெண்டு மரக்கா நெல்லு" என்றார்.

நமது சிக்கல் முழுவதும் இந்தப் பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. அறிவு நம்மிடம் இருந்தது. அது படிப்பாக, பதவியாக, சம்பளமாக மாறவில்லை.

தோட்டக்கலைப் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெற வேண்டும். ஊர் வரைபடம் போடுவார்கள். விவசாயிகளிடம் பேட்டி எடுப்பார்கள். நாம் அறிந்த ஓர் ஊருக்கு அப்படி வந்த மாணவர்கள் போட்ட வரைபடத்தில் கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கண்மாய் இருந்தது. காலனி இல்லை. யாரும் வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டார்கள். விவசாயி என்றால் நிலம் வைத்திருப்பவர் என்று நினைத்தார்கள். நிலம் வைத்திருப்பவர் ஊர்த்தெருவில்தான் இருந்தார். ஆகவே அங்கேயே பேசிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

அரசுத் திட்டங்களும் பல நேரம் இப்படித்தான் பார்க்கின்றன. பிரதமரின் கிசான் உதவித்தொகை நிலம் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே. சொட்டுநீர் மானியத்துக்கும் நில ஆவணம் வேண்டும். பூ பறிப்பவரும், மருந்து அடிப்பவரும், களை எடுப்பவரும் விவசாயக் கணக்கில் வருவதில்லை.

நிலம் இல்லாமல் போனதற்கும் வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். நம் மக்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அது கைமாறிப் போனது. அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர்விட்டார்கள். நிலத்துக்கான போராட்டம் தொடர வேண்டும். அந்த நிலம் திரும்பி வருகிற நாளில் அதில் என்ன பயிரிடுவது, எப்படி நிலைநிறுத்துவது என்று சொல்ல நம் தெருவிலேயே படித்த பிள்ளை இருக்க வேண்டாமா?

சுற்றுச்சூழல் என்றால் குப்பை வண்டி மட்டுமா?

தோட்டக்கலையோடு சேர்ந்தே பேச வேண்டியது சுற்றுச்சூழல். நகராட்சியில் குப்பை அள்ளுவதும், சாக்கடையில் இறங்குவதும் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனிதர் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. சுற்றுச்சூழலின் அழுக்கு வேலை நமக்கு, அறிவு வேலை மற்றவர்களுக்கு என்றிருக்கிறது பங்கீடு.

நமது திண்டுக்கல் மாவட்டம் சுற்றுச்சூழல் படிப்புக்கு ஒரு திறந்த பாடப்புத்தகம். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் பேசப்பட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் மண்ணில் கலந்தது உலகம் அறிந்த செய்தி. கெட்டுப்போன நிலத்தடி நீரைக் குடித்தவர்களும், ஆலைக்குள் நின்று வேலை பார்த்தவர்களும் எளிய மக்கள். நீரைச் சோதித்துச் சொல்பவர், அறிக்கை எழுதுபவர், ஆலைக்கு அனுமதி கொடுப்பவர் என்ற இடங்களில் நாம் எத்தனை பேர்?

ஒரு பயிரின் கதையையும் பார்க்கலாம். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது மலை வாழை. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாழையை முடிக்கொத்து நோய் ஏறக்குறைய அழித்துவிட்டது. ஒரு வகை அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. மருந்தடித்து வைரஸைக் குணப்படுத்த முடியாது. திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி, நோய்ப்பட்ட மரங்களை வேரோடு அகற்றித்தான் மீண்டும் வளர்க்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பின்னால் இருப்பது தோட்டக்கலைப் படிப்பு. அது மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு அல்ல.

எங்கே, எப்படிப் படிப்பது?

மாணவர்களுக்காகச் சில தகவல்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

தோட்டக்கலைப் பட்டம் 4 ஆண்டுப் படிப்பு. பழம், காய்கறி, மலர், நறுமணப் பயிர், மலைத்தோட்டப் பயிர் ஆகியவற்றோடு மண்ணியல், பூச்சியியல், நோயியல், பயிர் இனப்பெருக்கம், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம், பொருளாதாரம் எல்லாம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவையிலும், நமக்குப் பக்கத்தில் தேனி மாவட்டம் பெரியகுளத்திலும் தோட்டக்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் பெண்களுக்கென்றே ஒரு தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது. வனவியல் படிக்க மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தோட்டக்கலை உண்டு. பட்டம் வேண்டாம், விரைவில் வேலைக்குப் போக வேண்டும் என்பவர்களுக்கு 2 ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

இதற்கு நீட் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை. ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் பாடமும் படித்திருக்க வேண்டும். தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் பாடம் படித்தவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே இந்த முடிவு பத்தாம் வகுப்பு முடித்ததுமே எடுக்க வேண்டிய முடிவு. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிட்டு, பிளஸ் டூ முடித்த பிறகு நம்மிடம் வருகிற பெற்றோரைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

மாநில ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, 2009 சட்டப்படி. 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண் படிப்புகளிலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021 சட்டத்தின் மூலம் கிடைத்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மற்றவர்களுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றில் பெயரும் தகப்பனார் பெயரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஒரு எழுத்து மாறியதால் கலந்தாய்வு நாளில் தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்தவர்களை நாம் அறிவோம்.

இன்னொரு எச்சரிக்கை. வேளாண் கல்லூரி என்று பெயர் வைத்த இடமெல்லாம் ஒன்றல்ல. பணம் கட்டும் முன் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். மேற்படிப்புக்குப் போகும்போது அது இல்லாவிட்டால் கதவு அடைபடும்.

படித்து முடித்தால்?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாகத் தோட்டக்கலை அலுவலர், உதவி இயக்குநர் பணிகள். பட்டயம் முடித்தவர்களுக்கு உதவி தோட்டக்கலை அலுவலர் பணி. பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர். வனவியல், வேளாண்மை, தாவரவியல் படித்தவர்கள் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம். சுற்றுச்சூழல் அறிவியல், வேதியியல் முதுகலை முடித்தவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மேற்படிப்பு, ஆராய்ச்சி, பேராசிரியர் பணி என்ற வழியும் இருக்கிறது. தனியார் துறையில் விதை நிறுவனங்கள், சொட்டுநீர் நிறுவனங்கள், திசு வளர்ப்புக் கூடங்கள், நாற்றுப் பண்ணைகள்.

எல்லாம் பூப்போல இருக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். அரசுப் பணி அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. தனியாரில் தொடக்கச் சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். நாற்றுப் பண்ணை வைக்க நிலமும் முதலும் வேண்டும். அதற்குத் தாட்கோவின் மானியக் கடனை நாடலாம். நம் பெண்கள் பெயரில் விவசாய நிலம் வாங்க 'நன்னிலம்' திட்டத்தில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு.

கல்லூரிக்குள்ளும் சாதி இருக்கும். இப்படிப் படித்து முடித்த ஒரு பெண் நம்மிடம் சொன்னார்: "வயல் செய்முறை வகுப்புல மண்வெட்டிய என் கையிலதான் கொடுப்பாங்க. உனக்குத்தான் பழக்கமாச்சேன்னு சிரிப்பாங்க. முதல் வருசம் அழுதேன். ரெண்டாவது வருசம், அந்தப் பாத்திக்கு ஏன் அந்த அளவுன்னு நான் விளக்குனேன். அப்புறம் நோட்ஸ் கேட்டு என்கிட்டதான் வந்தாங்க." அவர் இப்போது வங்கி ஒன்றில் கள அலுவலர். கடன் மனு ஆய்வுக்கு எந்த ஊருக்குப் போனாலும் காலனிக்கும் ஒரு நடை போய்வருகிறார்.

அந்தத் தாய் கேட்ட கணக்கு

மீண்டும் நிலக்கோட்டைக்கு வருவோம். அந்தத் தாயின் கோபத்துக்குப் பின்னால் வேறொரு கவலையும் இருந்தது. தோட்டக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். தாயும் மகளும் சேர்ந்து பறித்துக் கழிப்பதாகப் பேச்சு. மகள் விடுதிக்குப் போய்விட்டால் இரண்டு கைகள் குறையும். கடன் எப்போது கழியும்?

இதை அவர் முதலில் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோதுதான் சொன்னார். படி, படி என்று மேடையில் பேசுகிற நாம் இந்தக் கணக்கைக் கேட்டதே இல்லை. ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனால் அந்த வீட்டில் எத்தனை கிலோ பூ குறைகிறது என்று கேட்டுவிட்டுத்தான் நாம் அறிவுரை சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பார்த்தோம். 7.5 ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம் இல்லை. மாதம் 1,000 ரூபாய் வரும். மீதமிருப்பது முன்பணப் பாக்கி. அதில் ஒரு பகுதியைப் படிப்பு வட்டத்தில் படித்து இன்று வேலையில் இருக்கும் ஆறு பேர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். லோடு ஆட்டோ ஓட்டும் அந்தத் தம்பிதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். மீதியைக் கழிக்க ஓராண்டு ஆகும் என்று தாய் கணக்குப் போட்டார்.

"ஒரு வருசம்தானே. நான் கூட ரெண்டு வரிசை பறிச்சுக்கிறேன்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஏண்டி, அந்த மருந்து அடிச்ச மறுநாள் பூ பறிச்சா கை எரியுதே, அதுக்கும் உன் படிப்புல பதில் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கணும், எந்த மருந்து கூடாதுன்னு எல்லாம் இருக்கு" என்றார் மகள்.

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. இதை எழுதும் நேரத்தில் தரவரிசைப் பட்டியல் வரவில்லை. இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் பட்டயப் படிப்பு என்று அந்தப் பெண் இரண்டாவது வழியையும் எழுதி வைத்திருக்கிறார்.

உங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால், பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். உயிரியல் படிக்க விரும்பினால், அந்தப் பிரிவு உள்ள பள்ளி எது, அங்கே போக எந்த நேரத்தில் பேருந்து இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள். அந்த வீட்டில் முன்பணம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.